வேண்டாத மண்

நிலத்தை அகழ்ந்து மனிதன் வெளிக்கொணர்வனவற்றுள் அவனுக்கு வேண்டியது சிறிது, வேண்டாதது பெரிது. வேண்டியது விலைபெற்றுச் சந்தைக்குச் செல்கின்றது. வேண்டாதது சுரங்கத்தின் அருகே குன்றாகக் குவிகின்றது. அக்குன்றின் அடியில் வாழ்வோர் பெரும்பாலும் அச்சுரங்கத்தில் உழைப்போரும் அவர்தம் மக்களுமே.

1966 ஒக்ரோபர் 21 ஆந் திகதி காலை, தென் வேல்ஸின் அபர்வான் கிராமத்திலே அத்தகைய குன்றொன்று சரிந்தது. நீரூற்றின் மீது கொட்டப்பட்டிருந்த நிலக்கரிச் சுரங்கக் கழிவு சேறாகிப் பாய்ந்து, பாடசாலையையும் அயல்வீடுகளையும் மூடியது. மாண்டோர் 144 பேர். அவர்களுள் 116 பேர் சிறுவர். இதனை ஆராய்ந்த விசாரணை மன்றம், 1967 இல், தேசிய நிலக்கரிச் சபையே பொறுப்பென முடிவு செய்தது.

கொன்ற அம்மண் பயனற்ற மண் அன்று. நிலக்கரிச் சுரங்கக் கழிவிற் பெரும்பகுதி களிக்கற்பாறையின் துண்டுகளே. அதனை மெல்லிய படைகளாகப் பரப்பி, ஒவ்வொரு படையையும் உருளையால் இறுக்கினால், நீரும் காற்றும் எளிதிற் புகா. எஞ்சிய கரி தானே தீப்பற்றும் அபாயமும் குறையும். இவ்வாறு இறுக்கப்பட்ட கழிவு பிரித்தானிய நெடுஞ்சாலைகள் பலவற்றின் கரைகளைத் தாங்குகின்றது. கோர்ண்வாலில் வெண்களி அகழ்வில் எஞ்சும் மணல் கொங்கிறீற்றுக்கு உதவுகின்றது. மணலையும் கல்லையும் புதிதாகத் தோண்டும் தேவை அந்த அளவிற்குக் குறைகின்றது.

ஆயின், கழிவனைத்தையும் கட்டடத்துக்கு ஆக்குவதே தீர்வெனக் கொள்ளலாமா? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள கிராண்ட் ஜங்சன் நகரத்தின் அனுபவம் வேறாகும். அங்கு யுரேனியம் பிரித்தெடுக்கும் ஆலையில் எஞ்சிய மென்மணல் இலவசமாகக் கிடைத்தது. வீட்டு அத்திவாரங்களின் கீழும் நடைபாதைகளிலும் தோட்டங்களிலும் அதனை இட்டு நிரப்பினர். யுரேனியம் நீங்கினும் அம்மணலிலிருந்து றேடியம் நீங்கவில்லை. அதிலிருந்து பிறக்கும் றேடன் வாயு பல வீடுகளுட் புகுந்து தேங்கியது. அது நுரையீரற் புற்றுநோயை விளைவிக்க வல்லது. 1966 இல் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. அம்மண்ணை வீடுகளின் கீழிருந்து தோண்டியகற்றுதற்கு 1972 இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டமியற்றி நிதி வழங்க நேர்ந்தது. அப்பணி பல்லாண்டு நீடித்தது.

அபர்வானில் மண்ணைக் கொட்டிய இடம் ஆராயப்படவில்லை. கிராண்ட் ஜங்சனில் மண்ணின் குணம் ஆராயப்படவில்லை. இரண்டிலும் கழிவிலிருந்து விடுபட்டோர் ஒருவர். அதன் ஆபத்தைச் சுமந்தோர் வேறொருவர்.

கழிவை மீளப் பயன்படுத்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால், இலவசமாகக் கொடுக்கப்படும் மண்ணினுள் என்ன உள்ளது, அதனைச் சோதித்தவர் யார் எனக் கேட்கும் உரிமை, அதன்மேல் வீடு கட்டுவோனுக்கு உண்டு. அச்சோதனைக்கான செலவு கனியத்தின் விலையிலேயே சேர்க்கப்படல் வேண்டும். அன்றேல், அவ்விலையில் விடுபட்ட பங்கைக் குன்றின் அடிவாரத்துச் சிறுவரே செலுத்த நேரிடும்.