கத்திக்குள் ஒரு உயரமானி

பயணமென்றால் என் பையில் விக்டோரினாக்ஸ் டிராவலர் லைட் என்கிற மடக்குக் கத்தி இருக்கும். கத்தி, கத்தரிக்கோல், திருப்புளியோடு சின்னதாக ஒரு திரையும் உண்டு: உயரம், காற்றழுத்தம், வெப்பநிலை, நேரம், அலாரம். அலாரத்தை நான் தொட்டதேயில்லை. அதற்குத்தான் செல்போன் இருக்கிறதே!

உயரமானிதான் சுவாரஸ்யம். சிக்னல் வேண்டாம், செயற்கைக்கோள் வேண்டாம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதை வைத்தே கணக்குப் போடுகிறது. கடல்மட்டத்தருகே 8 மீட்டர் ஏறினால் சுமார் 1 மில்லிபார் குறையும். மழை கூடி அழுத்தம் இறங்கினாலோ, உட்கார்ந்த இடத்திலேயே நம்மை மலையேற்றிவிடும்! ஊட்டி ரயிலில் போகிறவர்கள் நிலையத்து மஞ்சள் பலகையில் போட்டிருக்கும் உயரத்தைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

விமானமென்றால் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். கைப்பையில் கத்தியை விடமாட்டார்கள்.