120 மணி நேரம்

பதினொன்றாம் வகுப்பின் முதல் வாரத்தில் எங்கள் பள்ளியில் ஒரு ஆள்பிடிப்பு நடக்கும். ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வகுப்புக்குள் வந்து, தங்கள் அமைப்பின் பெருமையைச் சொல்லிப் பெயர் கேட்பார்கள். என்.சி.சி.க்கு உயரம் வேண்டும். சாரணர் படைக்குச் சீருடை தைக்கக் காசு வேண்டும். பசுமைப் படையில் ஏற்கெனவே இடமில்லை. மிச்சமிருந்தது நாட்டு நலப்பணித் திட்டம், எல்லோர் வாயிலும் என்.எஸ்.எஸ். அது எதையும் கேட்கவில்லை. பெயரைக் கொடுத்தால் ஒரு நோட்டும், இரண்டு வருடம் கழித்து ஒரு சான்றிதழும் தருவார்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் தனி மதிப்பு உண்டு என்று ஒரு வதந்தி இருந்தது. எங்கள் பெஞ்சில் நாலு பேரும் கை தூக்கினோம். 2004 ஜூன். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு நகராட்சி ஊர்.

வதந்தி பொய் என்று பின்னால் தெரிந்தது, அது வேறு விஷயம்.

என்.எஸ்.எஸ். தொடங்கப்பட்டது 1969 செப்டம்பர் 24. காந்தி நூற்றாண்டு. அன்றைய மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில், 40,000 மாணவர்களோடு ஆரம்பித்து வைத்தார். பள்ளிகளுக்கு அது பிறகுதான் வந்தது. 'எனக்காக அல்ல, உனக்காக' என்பது அதன் முழக்கம். சின்னம் கோனார்க் சூரியக் கோயிலின் தேர்ச்சக்கரம். சக்கரத்தின் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிக்கின்றன, அதாவது எந்நேரமும் சேவைக்குத் தயார். ஆனால் எங்களிடம் கேட்கப்பட்டது அவ்வளவு அல்ல. வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்துக்கு 240. அதுபோக ஒரு சிறப்பு முகாம்.

எங்கள் திட்ட அலுவலர் தாவரவியல் ஆசிரியர். பாட்டனி சார் என்றுதான் பெயர். தேதி, வேலை, மணி, கையொப்பம் என்று நோட்டில் நான்கு பத்தி கோடு போடச் சொன்னார். "செஞ்சத மட்டும் எழுதுங்கடா, கத எழுதாதீங்க" என்பது முதல் கூட்டத்தில் அவர் சொன்ன ஒரே அறிவுரை.

முதலில் எழுதியது வழக்கமான மரக்கன்று நடுதல். வேம்பும் புங்கையும், மூன்று மணி நேரம். இரண்டாவது வேலையை யாரும் திட்டமிட்டிருக்கவில்லை. ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையல்கூடத்தில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவியிருந்தது. பள்ளிகளில் கீற்றுக் கூரையே இருக்கக் கூடாது என்று அரசு உத்தரவு வந்தது. எங்கள் பள்ளியில் சைக்கிள் ஷெட்டும் அதன் பக்கத்தில் ஒரு நீண்ட கொட்டகையும் கீற்றுதான். கொத்தனாரோடு வந்த ஆட்கள் மேலே ஏறிக் கட்டை அவிழ்க்க, நாங்கள் கீழே நின்று வாங்கிச் சுமந்தோம். மட்கிய கீற்றின் தூசி மூக்கிலும் கண்ணிலும் ஏறியது. வழக்கமாக ஒரு நிமிடம் சும்மா இருக்காத ஐம்பது பையன்கள் அன்றைக்குப் பேசிக்கொள்ளவில்லை. அந்தக் கொட்டகையில்தான் போன வருடம் எங்களுக்குப் பரீட்சை நடந்தது. நோட்டில் 'கீற்று அகற்றுதல், 4 மணி' என்று எழுதினோம்.

காலாண்டு விடுமுறையில் முகாம். ஊரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி தூரத்தில் ஒரு கரிசல் கிராமம். ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சுகளை ஓரங்கட்டிவிட்டுத் தரையில் படுக்கை. காலையில் உடற்பயிற்சி, கொடியேற்றம், உப்புமா. மதியம் வரை வேலை. சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது ஒரு அதிகாரி வந்து சிறுசேமிப்பு பற்றியோ மழைநீர் சேகரிப்பு பற்றியோ பேசுவார். அதற்கு முந்தைய வருடம்தான் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியிருந்தார்கள் என்பதால் எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கும். பேசுகிறவர் கண் முன்னாலேயே பாதிப் பேர் தூங்கிவிடுவோம். இரவில் நாடகம், பாட்டு. ஊர்ச் சனம் முழுக்க வந்து உட்காரும்.

மூன்றாம் நாள் வேலை, தெருச் சாக்கடை.

கடைத்தெருவில் தொடங்கி ஊருணிக்கரை வரை போகிற ஒன்றரை அடி அகல வாய்க்கால் அது. மண்ணும் பாலித்தீனும் அடைத்து, தண்ணீர் கறுத்து நின்றது. மண்வெட்டியும் பாண்டும் கொடுத்து எங்களை இரண்டு வரிசையாக நிறுத்தினார் சார். யார் உள்ளே இறங்குவது என்ற பேச்சு வரும் முன்னரே வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு அவரே முதலில் இறங்கிவிட்டார். அப்புறம் என்ன செய்ய, இறங்கினோம்.

டீக்கடையில் இருந்த ஒரு பெரியவருக்குத் தாங்கவில்லை. "ஏன் சார், படிக்கிற பிள்ளைகள இதுலயா எறக்குறது? கீழத்தெருவுல சொன்னா ரெண்டு ஆளு வருவானே" என்றார். அக்கறையாகத்தான் சொன்னார். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். சார் நிமிரவில்லை. "அவுக பிள்ளைகளும் படிக்கிதுகல்ல, அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

விஷயம் எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு எங்கள் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா டி.வி.எஸ். 50-யில் வந்து இறங்கினார். சாரிடம் சத்தம் போடவில்லை. "எம்புள்ளைக்கு ஒடம்பு ஒத்துக்கிடாது சார், கூட்டிட்டுப் போறேன்" என்றார். எதற்காக என்று எல்லோருக்கும் தெரியும். பையன் தலையைக் குனிந்துகொண்டு பெட்டியை எடுத்தான். சார் தடுக்கவில்லை.

அன்று இரவு எங்கள் பெஞ்சின் நான்காவது ஆள் இதைப் பற்றி ஒன்று சொன்னான். அவனுடைய அப்பா எங்கள் நகராட்சியில் வேலை பார்த்தார். இப்போது தூய்மைப் பணியாளர் என்கிறோம், அப்போது துப்புரவுத் தொழிலாளி. பாயில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கணக்குப் போடுகிறவன் மாதிரிச் சொன்னான்: "வருசத்துக்கு நூத்தியிருவது மணி நேரம். எட்டு மணி நேர வேலைன்னா பதினஞ்சு நாளு. எங்கப்பா இதத்தான் பதினேழு வருசமாச் செய்யிறாரு. அவருக்கு எத்தன சர்டிபிகேட் குடுக்கணும்?"

யாரோ சிரித்தார்கள். அவனும் சிரித்தான். எனக்கு அந்தக் கணக்கு இன்றுவரை தீரவில்லை.

இந்தத் திட்டம் காந்தியின் பெயரால் வந்தது. 1901 கல்கத்தா காங்கிரஸில் கழிப்பிடங்களின் நாற்றம் தாங்காமல் காந்தி தானே துடைப்பம் எடுத்துச் சுத்தம் செய்ததைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவர் ஆசிரமத்தில் எல்லோருக்கும் அந்த வேலை முறை உண்டு. அதன் வலிமையை மறுக்க முடியாது. எங்கள் சார் வேட்டியை மடித்துக்கட்டிய அந்த ஒரு நொடியில் அது எனக்கும் தெரிந்தது. மறுபக்கம் அம்பேத்கர் இருக்கிறார். மலம் அள்ளுவதைப் புனிதமான பணி என்று புகழ்வது, பிறப்பால் அதில் தள்ளப்பட்டவனை அங்கேயே இருக்கச் சொல்வதற்குச் சமம் என்பது 1945-இல் வெளிவந்த அவரது நூலில் உள்ள வாதம். கல்லூரியில் இரண்டையும் படித்தபோது எனக்கு இவை புத்தக விவாதமாகத் தெரியவில்லை. ஒன்று சாக்கடைக்குள் நின்றது, இன்னொன்று பாயில் மல்லாந்து படுத்திருந்தது. விரும்பி இறங்குகிறவனுக்கு அது சேவை. அவன் மேலேறிக் கைகழுவிவிட்டுப் போகலாம். ஏற முடியாதவனுக்கு அதற்குப் பெயர் வேறு.

வருடம் அதோடு நிற்கவில்லை. டிசம்பர் 1 எய்ட்ஸ் விழிப்புணர்வு ஊர்வலம், இரண்டு மணி நேரம். டிசம்பர் 26 ஞாயிறு காலை சுனாமி. எங்களுடையது கடல் இல்லாத ஊர். டி.வி.யில் நாகப்பட்டினத்தைப் பார்த்த எல்லோருக்கும் உடனே எதையாவது கொடுக்க வேண்டும் போல இருந்தது. கைக்குச் சிக்கியது பழைய துணி. இரண்டே நாளில் பள்ளியின் ஒரு அறை நிறைந்துவிட்டது. ஒரு கல்யாண கோட்டு கூட வந்தது. சார் நாகைப் பக்கம் தெரிந்த ஒருவருக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு வந்து, துணி வாங்குவதை நிறுத்தச் சொன்னார். அங்கே பழைய துணிகள் சாலையோரம் குவிந்து கிடந்தன. மீனவக் குடும்பங்கள் தொடவில்லை. அதற்கு முந்தைய நாள் வரை உழைத்துச் சொந்தக் காசில் உடுத்தியவர்கள் அவர்கள். "என்ன வேணும்னு கேட்டுட்டு அனுப்புவோம்" என்றார் சார். கடைக்காரர்களிடம் காசாக வாங்கி, குடமும் பாயும் புது லுங்கியும் வாங்கி, மாவட்டத்திலிருந்து கிளம்பிய லாரியில் ஏற்றினோம். சேர்ந்த துணியை என்ன செய்தார்கள் என்பது நோட்டில் இல்லை.

அந்த வருடத்து வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசியாக வந்தது. போலியோ சொட்டு மருந்து முகாம்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு மேசை, ஒரு ஐஸ் பெட்டி, செவிலியர் அக்கா ஒருவர், நாங்கள் மூன்று பேர். அக்கா இரண்டு சொட்டு விடுவார். நான் குழந்தையின் இடது சுண்டு விரலில் மையால் கோடு போட வேண்டும். இன்னொருவன் தாளில் ஒரு கோடு இழுக்க வேண்டும், ஐந்தாவதைக் குறுக்கே. மூன்றாமவன் பஸ்ஸுக்குள் ஏறி, கைக்குழந்தை வைத்திருப்பவர்களைப் பார்த்து, "அக்கா, விரலக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் வெளிர் நிறச் சதுரம். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் குப்பியைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். மறுநாளிலிருந்து தெருத் தெருவாகப் போனார்கள். எல்லாக் குழந்தைக்கும் போட்டாயிற்று என்றால் வீட்டுச் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் 'பி'. யாராவது விடுபட்டிருந்தால் 'எக்ஸ்'. எக்ஸ் போட்ட வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும், அது பி ஆகும் வரை.

பதினைந்து வருடமாக மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிறவன் சொல்கிறேன், இதைவிடத் தெளிவான ஒரு அமைப்பை நான் வடிவமைத்ததில்லை. படிக்காதவருக்கும் புரியும். ஒரு குழந்தைக்கு இரண்டு முறை போட்டாலும் கெடுதல் இல்லை. விடுபட்டது எது என்று சுவரே சொல்லும். மருந்து கெட்டுப்போனதைக் குப்பியே சொல்லும். முக்கியமாக, அதற்குள் எங்களுக்கு ஒரு உண்மையான இடம் இருந்தது. நாங்கள் யாருடைய வேலையையும் ஒரு நாள் நடித்துக் காட்டவில்லை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாடு முழுக்க மேசை போட அவ்வளவு கைகள் தேவைப்பட்டன, அதில் சில எங்களுடையவை.

இந்தியாவின் கடைசிப் போலியோ நோயாளி மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரு சிறுமி. 2011 ஜனவரி 13. மூன்று வருடம் காத்திருந்து, 2014 மார்ச் 27 அன்று போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனம் வழங்கியது. அலுவலகத்தில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எங்கள் நான்காவது ஆளுக்குப் போன் செய்தேன். டிப்ளமோ முடித்து ஒரு மில்லில் எலக்ட்ரீஷியனாக இருக்கிறான். "நம்ம சர்டிபிகேட் வந்துருச்சுடா" என்றேன். "எங்கப்பாவுக்குத்தான் இன்னும் வரல" என்றான். அவர் அதற்கு முந்தைய வருடம் ஓய்வு பெற்றிருந்தார்.

2013 கம்பெனிச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ உள்ள நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பணத்தோடு ஆட்களின் நேரத்தையும் கணக்குக் காட்டுவது பெரிய நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. நான் வேலை செய்யும் இடத்திலும் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் என்று ஒரு படிவம் உண்டு. தேதி, வேலை, மணி, மேலாளர் ஒப்புதல். அதே நான்கு பத்தி. ஒரு சனிக்கிழமை ஏரிக்கரையில் குப்பை பொறுக்கினோம். எல்லோருக்கும் ஒரே நிற டி-ஷர்ட், கையுறை, மதியம் பிரியாணி. பத்தடி தள்ளி மாநகராட்சியின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருவர் வெறுங்கையால் அதே வேலையைச் செய்துகொண்டு எங்களைப் பார்த்தார்கள். எங்கள் மேசையில் கையுறைப் பெட்டி பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. ஆளுக்கு ஐந்து ஜோடி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்களில் வயதான அம்மா வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார், போட்டுக்கொள்ளவில்லை. "நாளைக்கு வேணும்ல, தம்பி" என்றார்.

அதன்பிறகு நான் ஒன்று கேட்டுப் பார்த்தேன். அலுவலகத்துக்குப் பின்தெருவில் ஒரு அரசுப் பள்ளி இருக்கிறது. அங்கே பிள்ளைகளின் உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரில் ஒரு எழுத்து, பள்ளிப் பதிவேட்டில் ஒரு எழுத்து, வங்கிக் கணக்கில் இன்னொரு எழுத்து. விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். தலைமையாசிரியை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார். இதில் உதவலாமா என்று போய், என்ன வேண்டும் என்று முதலில் அவரிடமே கேட்டோம். "முதல்ல எதெல்லாம் திரும்பி வந்திருக்குன்னு ஒரு பட்டியல் வேணும், சார்" என்றார். சுவரில் எக்ஸ் போடுகிற வேலைதான். நான்கு சனிக்கிழமை, ஆறு பேர் லேப்டாப்போடு உட்கார்ந்தோம். பெற்றோர்கள் வரிசையில் நின்று, பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார்கள்.

மணிக் கணக்கைப் படிவத்தில் ஏற்றியபோது மனிதவளத் துறையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். "ஃபோட்டோ அனுப்பியிருக்கீங்க, சார். ஆனா என்ன பண்றீங்கன்னே அதுல தெரியலையே. எல்லாரும் சும்மா ஸ்கிரீனப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. வேற ஏதாவது இருக்கா?"

வேறு ஃபோட்டோ இல்லை. பதினொரு விண்ணப்பம் பாக்கி இருக்கிறது, அடுத்த சனிக்கிழமையும் போக வேண்டும் என்றேன்.