விரலை மடக்கும் தசை எங்கே இருக்கிறது?

ஒரகடம் ஆலைகளின் ஷிப்ட் பஸ்கள் திரும்பும் சிங்கப்பெருமாள் கோவில் சந்திப்பைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. 1965இல் தொடங்கியது. முதலாண்டு மாணவர்களின் டிஸெக்‌ஷன் ஹாலுக்குள் நுழைந்ததும் ஃபார்மலின் கண்ணைக் கரித்தது.

அன்று கைப் பாடம். புத்தகத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். மேசையில் கிடந்த உடலிலோ எல்லாமே வெளிர் பழுப்பு. "கண்ணால தேடாதீங்கம்மா, விரலால தேடுங்க" என்றார் ஆசிரியை. நெருடிப் பார்த்துத்தான் நரம்பு எது, தசைநாண் எது என்று பிரிக்கிறார்கள். ஒரு மாணவி முன்கையில் ஒரு நாணை இழுத்தார். விறைத்திருந்த ஆள்காட்டி விரல் லேசாக அசைந்தது. விரலுக்குள் அதை மடக்கும் தசை கிடையாது. முன்கைத் தசைகளிலிருந்து நாண்கள் வருகின்றன. மேல்நாண் இரண்டாகப் பிளந்து வழிவிட, ஆழத்து நாண் நடுவே புகுந்து விரல்நுனி எலும்பைப் பிடிக்கிறது. அவ்வளவு குறுகலான உறைக்குள் இரண்டும் ஓடுவதால், பிரஸ் மெஷினில் அங்கே வெட்டுப்பட்டால் தைத்தாலும் நாண்கள் ஒட்டிக்கொள்ளும் அபாயம் அதிகம். ஆலைகள் நிறைந்த இந்தப் பகுதியின் மருத்துவருக்கு இதைவிட அவசியமான பாடம் எது?

இதே கைப் பாடத்துக்குச் செங்கல்பட்டில் பெரிய வரலாறு உண்டு. கொல்லிமலையில் பிறந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், 1947இல் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் அழைத்ததால், பக்கத்துத் திருமணியின் தொழுநோய் இல்லத்துக்கு வந்தார். விரல்கள் கொக்கிபோல் வளைந்திருந்த ஒருவரிடம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலிக்குமளவுக்கு இறுகியது பிடி. பயனற்றது என்று விடப்பட்ட கையில் அத்தனை பலம்! முழங்கையருகே அல்நார் நரம்பு கெட்டதால் உள்ளங்கையின் சிறு தசைகள் செயலிழந்திருந்தன. மீடியன் நரம்பு இயக்கும் முன்கைத் தசைகள் நன்றாகவே இருந்தன. நல்ல நாணை இடம் மாற்றித் தைத்து விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையை வேலூரில் அவர் வளர்த்தெடுத்தது இந்தப் புரிதலில்தான்.

உடலுக்குப் பதிலாக, திரையில் அறுத்துப் பார்க்கும் மெய்நிகர் மேசைகள் வரட்டும். ஆனால் திரையில் நெருட எதுவுமில்லை. மாணவர்களுக்கு நிஜ உடல் வேண்டும், அதை நாம்தான் கொடுக்க வேண்டும். விருப்பத்தைக் குடும்பத்தாரிடம் இப்போதே சொல்லிவைப்பது முக்கியம், ஏனென்றால் இறந்தபின் உடலை ஒப்படைப்பவர்கள் அவர்களே. கண்களைத் தானம் செய்த பிறகும் உடலைத் தரலாம்.