வேனுக்குப் பின்னால் மூன்று சைக்கிள்கள்



சுமை கட்டும் வித்தையைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. காண்டாக் கம்பின் இரு முனைகளிலும் வாளி நிறையப் பாலைத் தொங்கவிட்டு, மேடு பள்ளத்தில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஸ்டோருக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் நம் பெற்றோர்கள். பிறகு சைக்கிள் வந்தது; மோட்டார் சைக்கிள் வந்தது. கேரியரின் இருபுறமும் பால் டின்கள், மேலே ஒரு கட்டு விறகு, அதற்கும் மேலே என்னைப் போல் ஒரு பையன். என் தகப்பனார் அப்படித்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போவார்.

1989-இல் நாங்கள் இருந்த தோட்டம் கைமாறியபோது, வீட்டுச் சாமான்கள் எல்லாம் ஒரே லோரியில் ஏறின. சைக்கிளுக்கு மட்டும் இடமில்லை. அப்பா அதை லோரியின் பக்கவாட்டில் வெளியே தொங்கவிட்டுக் கட்டினார். கயிற்றால் ஒரு கட்டு. அதன்மேல் பழைய டயர் டியூபை நீளமாக வெட்டி இன்னொரு கட்டு. "எதுக்குப்பா ரெண்டு?" என்று கேட்டேன். "கயிறு பிடிச்சுக்கும். டியூபு விடாது" என்றார். எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கியிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் அவசியமே வந்திராது.

2018-இல் ஒரு பழைய நீசான் வேனட் வேனை வாங்கினேன். அதற்கு முன் அது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வண்டி. பள்ளிப் பிள்ளைகளோடு காலந்தள்ளும் எனக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, பலகை அடித்து, மெத்தை போட்டு, படுத்து உறங்கும் வண்டியாக மாற்றினோம். ஜெர்மனியில் வெஸ்ட்ஃபாலியா என்ற நிறுவனம் 1951-லேயே வோல்க்ஸ்வேகன் வேனுக்குள் கட்டிலும் அலமாரியும் வைத்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டதாம். நம் வேன் அவ்வளவு நேர்த்தியானதல்ல. அலமாரிக் கதவு திருப்பத்துக்குத் திருப்பம் திறந்துகொள்ளும். ஆனாலும் ஓர் ஆசிரியர் சம்பளத்தில் குடும்பம் முழுவதும் ஹோட்டல் செலவில்லாமல் கடற்கரை பார்த்துவர அது போதும்.

உள்ளே மனிதர்கள் படுத்தால் சாமான்கள் வெளியேதான் போக வேண்டும். பாய், தலையணை, கூடாரம், பாத்திரம் எல்லாம் கூரைக்கு. பிள்ளைகளின் சைக்கிள்கள் பின்னால். பட்டணத்தில் ஒரு வெல்டிங் கடையில் சொல்லி, பின் பம்பருக்குக் கீழே சட்டத்தில் போல்ட் போட்டு மாட்டும்படி இரும்புத் தாங்கி ஒன்று செய்துகொண்டேன். இரண்டு கைகளை நீட்டினாற்போல் இருக்கும். அந்தக் கைகளின்மேல் மூன்று சைக்கிள்களை வரிசையாக நிறுத்திக் கட்டலாம்.

2019 டிசம்பர் விடுமுறையில் தெலுக் பாத்தேக் போவதென்று முடிவாயிற்று. என் பிள்ளைகள் இருவரோடு என் தங்கச்சியின் மகளும் வந்தாள். அவளிடம் ஒரு புதுச் சைக்கிள் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவள் 2020 ஜனவரியில் இடைநிலைப்பள்ளிக்குப் போக வேண்டியவள். அவர்கள் தோட்டத்து லயத்திலிருந்து பள்ளி பஸ் வந்து நிற்கும் சாலை முனைக்கு 4 கிலோமீட்டர். மண் சாலை, இருபுறமும் செம்பனை. தங்கச்சி வெளிக்காட்டு வேலை செய்பவள். மாதாமாதம் கூட்டு கட்டிய பணத்தில் 420 வெள்ளியை எடுத்து அந்தச் சைக்கிளை வாங்கிக் கொடுத்திருந்தாள். கேரியரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரியவில்லை. "மாமா, கடற்கரையில ஓட்டணும்" என்று அந்தப் பிள்ளை கேட்டபோது மறுக்க மனம் வரவில்லை.

புறப்படும் அன்று காலை மச்சான் வந்திருந்தார். தங்கச்சியின் கணவர், செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார். தாங்கியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "மச்சான், கயிறு பத்தாது. மேல இருந்து மட்டும்தான் கட்டியிருக்கீங்க. பின்னால போகாம இருக்க ஒண்ணுமே இல்லையே" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது லோரி இல்ல மச்சான். கணக்குப் போட்டுத்தான் கட்டியிருக்கேன்" என்றேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தலையை ஆட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

உண்மையில் நான் எந்தக் கணக்கும் போடவில்லை. போட்டிருந்தால் இப்படி வந்திருக்கும்: மூன்று சைக்கிள்கள், தாங்கியோடு சேர்த்துச் சுமார் 60 கிலோ. அந்தச் சுமை பின் சக்கர அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் தொங்குகிறது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு மீட்டர். பிள்ளைகள் விளையாடும் ஏற்றப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பின் அச்சு நடுக்கட்டை. அப்படியானால் பின் சக்கரங்கள்மேல் 60 அல்ல, 90 கிலோ இறங்கும். முன் சக்கரங்களிலிருந்து 30 கிலோ தூக்கப்படும். ஸ்டியரிங் லேசாகிப் போனதற்குக் காரணம் இதுதான். போதாக்குறைக்கு, வண்டியின் கடைசி முனை என்பது ஊஞ்சலின் நுனி மாதிரி. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு மெல்லிய குலுக்கலாகத் தெரிவது, பின்னால் தொங்கும் சைக்கிளுக்குப் பெரிய குதிப்பு.

பீடோரில் பசியாறிவிட்டுத் தெலுக் இந்தான் வந்தோம். 1885-இல் கட்டிய சாய்ந்த கோபுரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். சாய்ந்தும் விழாமல் நிற்கிறதே என்று பாடம்கூட நடத்தினேன்! இறங்கியதுதான் இறங்கினோம், பின்னால் போய்க் கயிற்றை ஒரு தடவை தொட்டுப் பார்த்தேனா? இல்லை. மழை வேறு தூறத் தொடங்கிவிட்டது.

பேராக் ஆற்றுப் பாலத்தில் பக்கக் காற்று வேனை நகர்த்தியது. பாலம் தாண்டி லெக்கீர் நோக்கிப் போகையில் ஓரிடத்தில் சாலை அமுங்கிக் கிடந்தது. வண்டி ஒரு குதி குதித்தது. பின்னால் ஏதோ உரசும் சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். தங்கச்சி மகளின் சைக்கிள் சாலையில் புரண்டுகொண்டிருந்தது. அதற்கு நேர் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். வயதான மலாய்க்காரர் ஒருவர். பின்னால் அவர் பேரன், ஐந்து வயது இருக்கும்.

அந்த இரண்டு விநாடிகளை இப்போதும் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. அவர் எப்படியோ ஒடித்துப் புல்தரையில் இறங்கி நின்றுவிட்டார். அடுத்து வந்த லோரி பிரேக் போட்டும், அதன் முன் சக்கரம் சைக்கிளின் பின்பாகத்தின்மேல் ஏறி இறங்கியது.

நான் ஓடினேன். பெரியவர் பேரனை இறக்கிக் கைகால்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன். "தாக் அப்பா, தாக் அப்பா" என்றார். வாய்தான் பரவாயில்லை என்றது, கை நடுங்கிக்கொண்டிருந்தது. பையன் அழவில்லை. வேனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பெரியவர்தான் நொறுங்கிய சைக்கிளைத் தூக்க எனக்குக் கை கொடுத்தார்.

தெலுக் பாத்தேக் போய்ச் சேர்ந்தோம். என் பிள்ளைகள் கடலில் இறங்கினார்கள். தங்கச்சி மகள் மணலில் உட்கார்ந்து, கோணிப்போன சக்கரத்தில் ஒட்டியிருந்த அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் திரும்பும் வழியில் கம்போங் கோவில் சில்லி சாஸ் இரண்டு போத்தல் வாங்கினேன், தங்கச்சிக்கு. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. 420 வெள்ளிச் சைக்கிளுக்கு இரண்டு போத்தல் சாஸ்!

வீட்டில், "கயிறு மட்டமான கயிறு, தங்கச்சி. கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். மச்சான் கயிற்றின் அறுந்த முனையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இழுத்து அறுந்த கயிறானால் நூல்கள் நீண்டும் குட்டையுமாகப் பிரிந்திருக்கும். இது ஒரே இடத்தில் தேய்ந்து தேய்ந்து அறுந்திருந்தது. அவர் எழுந்து போய்த் தாங்கியின் இரும்பு விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். வெட்டிய இரும்பு, ராவவே இல்லை. கத்திபோல் இருந்தது. அங்கே நீல நைலான் தூள் ஒட்டியிருந்தது.

என்னை அவர் பார்க்கவில்லை. கயிற்றைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அன்றிரவு நான் தங்கச்சி வீட்டுக்குத் திரும்பப் போய், "கயிறு மேல தப்பு இல்ல. மச்சான் சொன்னதை நான் கேக்கல" என்று சொன்னேன். பள்ளி திறப்பதற்கு இரண்டு நாளுக்கு முன் வேறு சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டேன். பழையதைத் தூக்கிப்போட மருமகளுக்கு மனமில்லை. பின் சக்கரம் மாற்றி, அது இன்னும் லயத்து வாசலில் நிற்கிறது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. வேன் வாசலிலேயே கிடந்தது. பிறகு ஊருக்குள் போய்வர அனுமதி கிடைத்ததும், மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். "லோரி வாத்தியார்" என்று என் மனைவி கேலி செய்வாள். நான் மாணவன்.

முதல் நாளே அவர் கேட்ட கேள்வி: "மச்சான், சுமை எந்தப் பக்கம் போகப் பாக்குது?" நான் விழித்தேன். "மேல குதிக்கப் பாக்கும். பக்கத்துல ஆடப் பாக்கும். பிரேக் போட்டா முன்னுக்கு வரும், ஏத்தத்துல பின்னுக்குப் போகும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டு வேணும். ஒரே கயிறைப் பத்துச் சுத்து சுத்தினா அது ஒரு கட்டுதான்."

தாங்கியின் விளிம்புகளை ராவி, மேலே பழைய ரப்பர் குழாயைப் பிளந்து மாட்டினோம். கனமான சைக்கிள் வேனை ஒட்டி, லேசானது கடைசியில். ஒன்றின் தலை இந்தப் பக்கமென்றால் அடுத்ததன் தலை அந்தப் பக்கம். அப்போதுதான் ஹேண்டில்கள் மோதிக்கொள்ளாமல் நெருக்கமாக நிற்கும். நெருக்கமாக நின்றால் சுமை அச்சுக்கு அருகில் வரும். கயிறு டயர்மேல் விழக்கூடாது. டயர் அமுங்கும், கயிறு தளரும். நான் அதைத்தான் செய்திருந்தேன். இரும்புச் சட்டத்தில்தான் கட்ட வேண்டும். முன் சக்கரம் காற்றில் திரும்பிக்கொண்டே இருக்கும். அதைச் சட்டத்தோடு சேர்த்துத் தனியாகக் கட்ட வேண்டும்.

நைலான் கயிறு நனைந்தால் நீளும் என்பதையும் அவர்தான் காட்டினார். வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, கட்டியிருந்த கயிற்றை விரலால் சுண்டச் சொன்னார். முன்பு தம்புராபோல் ஒலித்தது, இப்போது ஊமையாகிவிட்டது. ஆகவே லோரிக்காரர்கள் பயன்படுத்தும் பட்டைப் பெல்ட் இரண்டு வாங்கினேன். அதற்கும் மேலே மச்சான் தம் மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றி எடுத்து வந்து கட்டினாரே, அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பழைய டியூபை வெட்டிய பட்டை! சுமை குலுங்கிக் கொஞ்சம் அமர்ந்தால் கயிறு தளர்ந்துவிடும். ரப்பரோ சுருங்கி, பிடியை விடாமல் வைத்திருக்கும். 1989-இல் அப்பா சொன்னது இதுதான்.

புகைக்குழாய் எந்தப் பக்கம் என்று பாருங்கள். முதல் பயணம் ஒன்றில் என் மகனின் சைக்கிள் டயர் சூடுபட்டு மெழுகாகிவிட்டது. பத்தடி பின்னால் நின்று பார்த்தால் நம்பர் பிளேட்டும் பிரேக் விளக்கும் இரு பக்கச் சிக்னலும் தெரிய வேண்டும். வண்டியில் எதையும் நிரந்தரமாகப் பற்றவைப்பதானால் முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டுக்கொள்ளுங்கள். கேஸ் தோம்பைப் பின்னால் கட்டலாமா என்று கேட்டதற்கு மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார். பின்னால் வருபவன் இடிக்கும் இடம் அதுதானே! இருபது லிட்டர் தண்ணீர் டின் இருபது கிலோ. அதைக் கூரைக்கு ஏற்றினால் வளைவில் வண்டி சாயப் பார்க்கும். தண்ணீர் உள்ளே, தரையில். கூரைக்குப் பாயும் தலையணையும் போதும். கூரைச் சுமையோடு சேர்த்து வண்டியின் உயரத்தை அளந்து, ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் அருகே ஒட்டிவைத்திருக்கிறேன். கட்டடங்களின் கார் நிறுத்துமிடத்தில் குறுக்குக் கம்பி இருக்கும். அது நமக்காக உயராது.

2022-இல் மறுபடி தெலுக் பாத்தேக் புறப்பட்டோம். இந்தத் தடவை மச்சானும் தங்கச்சியும் கூட. மருமகள் தன் சைக்கிளைத் தானே தூக்கி வைத்தாள். கட்டுவதற்கு என்னை விடவில்லை. புறப்பட்டுப் பத்துக் கிலோமீட்டரில், "மாமா, நிறுத்துங்க" என்றாள். எல்லாக் கட்டும் முதல் பத்து இருபது கிலோமீட்டரில்தான் தளரும் என்று அவளுக்கு அவள் அப்பா சொல்லியிருந்தார். இறங்கிப்போய் ஒவ்வொரு பெல்ட்டையும் சுண்டிப் பார்த்தாள். ஒன்றை இன்னும் இரண்டு பல் இறுக்கினாள்.

பாலம் தாண்டி அந்த அமுங்கிய இடம் வந்தது. சாலையைச் செப்பனிட்டிருந்தார்கள். ஆனாலும் நான் வேகத்தைக் குறைத்தேன். வேனில் யாரும் பேசவில்லை. ஐந்து வயதுப் பையன் நின்ற புல்தரை இடப்பக்கம் போனது. லெக்கீரில் ஓரங்கட்டினேன். மச்சான் இறங்கி, பின்னால் போய், மூன்று சைக்கிள்களையும் ஒன்றாகப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். வேனே சேர்ந்து ஆடியது. திரும்பி வந்து உட்கார்ந்து, கதவைச் சாத்தி, "போலாம் மச்சான்" என்றார்.