அப்பத்தா ரூமுக்கு நெட் போன கதை

மக்களே, பி.காம் படிக்கிறவனுக்கு நெட்வொர்க்கிங்கில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். மூன்று மாதம் முன்பு வரை ரவுட்டர் என்றால் எனக்கு மூலையில் பச்சை விளக்கு எரிகிற ஒரு பெட்டி, அவ்வளவுதான். தலைமேல் வந்து விழுந்த பிறகு கற்றுக்கொண்டதுதான் எல்லாம்.

எங்களுடையது சிவகங்கைப் பக்கத்துப் பழைய ஓட்டு வீடு. அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ஹால், முற்றம், அடுப்படி, கடைசியில் அப்பத்தா ரூம். சுவர் ஒவ்வொன்றும் ஒன்றரை அடி கனம். ஃபைபர் லைன் வந்து நிற்பது முன் ஹாலில். அங்கிருந்து கிளம்பும் வைஃபை முற்றம் தாண்டும்போதே மூச்சு வாங்கும். அடுப்படியில் ஒரு புள்ளி காட்டும். அப்பத்தா ரூமில் சுத்தமாக இல்லை. செல்போன் டவரும் அந்த ரூமுக்குள் எடுக்காது.

சித்தப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ காலில் அம்மாவைப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம். போன வருடம் அப்பத்தா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. அதன்பின் எட்டு மணி ஆனால் அப்பாவும் நானும் அவரை பிளாஸ்டிக் சேரில் உட்காரவைத்து ஹாலுக்குத் தூக்கி வருவோம். வலியில் முகம் சுளிப்பார், வாயைத் திறந்து சொல்லமாட்டார். "ஆளைத் தூக்குறதுக்குப் பதிலா நெட்டைத் தூக்கிட்டுப் போக முடியாதாடா?" என்று அப்பா கேட்டதில்தான் இது ஆரம்பித்தது.

முதலில் காசில்லாத வழி. தரையோரம் கிடந்த ரவுட்டரை முற்றத்தைப் பார்த்த மாதிரி உயரமாக மாட்டினேன். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும். 2.4 வேகம் குறைவு, தூரம் போகும். 2.4-க்கு மாற்றியதில் அடுப்படியில் இரண்டு புள்ளி வந்தது. அப்பத்தா ரூமில் வந்து வந்து போனது.

அடுத்து ரிப்பீட்டர் வாங்கினேன். அதைக் கொண்டுபோய் அப்பத்தா ரூமிலேயே மாட்டினேன். சிக்னலே வராத இடத்தில் வைத்தால் அது எதைத் திருப்பிச் சொல்லும்? பாதி வழியில், சிக்னல் நன்றாக இருக்கிற இடத்தில் வைக்க வேண்டுமாம். அடுப்படிக்கு மாற்றினேன். ஆனாலும் சாதாரண ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் கேட்டு, அதே ரேடியோவில் திருப்பிப் பேசும். வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். சித்தப்பா முகம் வாய் திறந்தபடி உறைந்து நின்றது. "சின்னவனுக்கு என்னய்யா ஆச்சு?" என்று அப்பத்தா பதறிவிட்டார்.

இதில் ஒரு வெட்கக்கேடு. போட்ட காசு போனதுதான், அடுத்த முடிவில் அதைச் சேர்க்கக் கூடாது என்று சங்க் காஸ்ட் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். அப்படியிருந்தும் "காசு குடுத்து வாங்கியாச்சே" என்று இரண்டு வாரம் அந்த ரிப்பீட்டரையே இடம் மாற்றி இடம் மாற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, நண்பனிடம் இரவல் வாங்கிய பவர்லைன் அடாப்டர். இது கரண்ட் ஒயரிலேயே டேட்டாவை அனுப்பும். ஒன்றை ரவுட்டர் பக்கம், இன்னொன்றை வேண்டிய ரூமில் மாட்டினால் போதும். ஸ்பைக் பஸ்டரில் மாட்டக் கூடாது, நேராகச் சுவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். அருமையான யோசனை, ஆனால் எங்கள் வீட்டில் விளக்கே எரியவில்லை. வயரிங் அண்ணன் வந்து பார்த்துச் சிரித்தார். முன்பக்கம் ஒரு ஃபேஸ், பின்பக்கம் வேறு ஃபேஸ். உங்கள் வீட்டில் எல்லாம் ஒரே ஃபேஸ் என்றால் தாராளமாக முயன்று பாருங்கள்.

மெஷ் செட் வாங்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். இரண்டு மூன்று பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு வீடு முழுக்க ஒரே வைஃபை தரும். ஆனால் அவை பேசிக்கொள்வதும் எங்கள் ஒன்றரை அடிச் சுவர் வழியாகத்தான். விலையும் கைக்கு அடங்கவில்லை.

கடைசியில் ஜெயித்தது பழைய முறைதான். கேபிள். ஈதர்நெட் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், எங்களுக்குத் தேவை 25 மீட்டர்தான். கேட் 6, முழுச் செம்பு என்று கேட்டு வாங்கினேன். அலுமினியத்தில் செம்புப் பூச்சு பூசியதும் விற்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள். கரண்ட் ஒயரோடு ஒட்டாமல், முற்றத்தில் வெயில் மழை படாமல் பைப்புக்குள் இழுத்தோம். எட்டு ஒயரின் நிற வரிசை தப்பியதால் நான் போட்ட முதல் ஜாக் வேலை செய்யவில்லை, இரண்டாவது செய்தது.

அந்த முனையில் பரணில் கிடந்த பழைய ரவுட்டர். கேபிளை அதன் வான் போர்ட்டில் குத்தாமல் லேன் போர்ட்டில் குத்தி, அதன் ஐபி எண்ணை மாற்றி, டிஎச்சிபியை நிறுத்த வேண்டும். டிஎச்சிபி என்பது வீட்டிலுள்ள போன், லேப்டாப்புக்கெல்லாம் எண் கொடுக்கிற வேலை. ஒரே கடையில் இரண்டு கேஷியர் ஆளுக்கொரு பில் புக் வைத்து அதே நம்பர்களைப் போட்டால் கணக்கு என்னாகும்? அதேதான் இங்கேயும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் முன் ரவுட்டரில் உள்ளதையே வைத்தேன், சேனல் மட்டும் வேறு. மொத்தச் செலவு ரிப்பீட்டர் விலையில் பாதிகூட இல்லை.

அன்று எட்டு மணிக்கு அப்பத்தா படுத்தபடியே சித்தப்பாவோடு பேசினார். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. எனக்கு ஏதோ பெரிய எஞ்சினியர் ஆகிவிட்ட நினைப்பு.

ஒரு வாரம் கழித்து, அப்பத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஏய்யா, இப்பல்லாம் என்னைய ஹாலுக்குத் தூக்கிட்டுப் போறதில்லையே?"

எனக்குப் பதில் வரவில்லை. எட்டு மணிக்கு ஹாலுக்கு வந்தால் போன் பேசி முடிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருப்பார். டிவி பார்ப்பார், அம்மா காய் நறுக்குவதில் குறை சொல்வார், தெருவில் போகிறவர்களை விசாரிப்பார். பத்து மணிக்குத்தான் திரும்பத் தூக்கிப் போவோம். அவருக்கு அந்தப் போன் கால் ஒரு சாக்கு. நான் வலியை மட்டும் கணக்கில் எடுத்தேன், அந்த இரண்டு மணி நேரம் என் கணக்கிலேயே வரவில்லை.

இப்போது தினமும் ஏழே முக்காலுக்கு அவரிடமே கேட்கிறோம். வலி இருந்தால் ரூம், இல்லையென்றால் ஹால். பெரும்பாலும் "ஹாலு" என்றுதான் சொல்கிறார்.

பி.கு: அந்த ரிப்பீட்டர் சும்மாதான் இருக்கிறது. தடித்த சுவர் இல்லாத வீட்டுக்காரர் யாராவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன்.