கடாரத்தில் ஒரு மோட்டார்

தமிழ்நாட்டுக் கிராமத்தில் 'மோட்டார்' என்றால் கிணற்றில் தண்ணீர் இறைப்பது. மலேசியத் தமிழர்களுக்கு அது மோட்டார் சைக்கிள். சுங்கைப்பட்டாணியில் என் பெரியப்பா மகன் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்தபோது காலை முதல் இரவுவரை இதே பேச்சுதான். அண்ணன் மோட்டார் வாங்கலாமா, கூடாதா?

அண்ணனுக்கு 51 வயது. குலிமில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வீட்டில் கார் இருக்கிறது. அவர் ஆசைப்பட்டது க்ரூஸர்: தாழ்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி, காலை முன்னால் நீட்டி நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் வண்டி. பறப்பதற்கானதல்ல, நெடுந்தூரம் அலுக்காமல் போவதற்கானது. மலேசியாவில் அதற்கு வசதியும் உண்டு. தாய்லாந்து எல்லையிலிருந்து தெற்கே ஜொகூர்வரை செல்லும் நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. மழைக்கு ஒதுங்கப் பாலங்களின் அடியில் இடம் விட்டிருக்கிறார்கள்.

பெரியம்மா ஒரே சொல்லில் முடித்தார். "வேணாம்." காரணம் கூடத்துச் சுவரில் மாலையுடன் தொங்கிக்கொண்டிருந்தது. 1998-ல் இரவு வேலை முடிந்து திரும்பிய இளைய மகனை லாரி அடித்துவிட்டது. அப்போது வயது 23. அவன் ஓட்டி வந்தது கப்சாய். ஹோண்டா கப் வம்சத்தைச் சேர்ந்த சின்ன வண்டிகளுக்கு அங்கே அதுதான் பெயர். தோட்டத்துக்குப் பால்மரம் சீவப் போனவர்களும் சரி, இன்று வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் பையன்களும் சரி, கப்சாயை நம்பித்தான் பிழைக்கிறார்கள். எதிர்க்காற்றுக்காக ஜாக்கெட்டை முன்பின்னாக மாற்றி மாட்டிக்கொண்டு போவார்கள். மலேசியச் சாலைகளில் விபத்தில் சாகும் பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

அண்ணன் மனதில் இரண்டு வண்டிகள் இருந்தன. ஒன்று, பழைய மோடெனாஸ் ஜாகு. மோடெனாஸ் மலேசியாவின் சொந்த நிறுவனம். தொழிற்சாலை பக்கத்தில் குருணில், ஜெராய் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்த கடாரம் இந்தக் கெடா மண்தான் என்பது வகுப்பில் படித்த பாடம். அங்கே நின்ற ஜாகுவைக் கண்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. கவாசாகி எலிமினேட்டருக்கு மலாய்ப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். அதே 175 சிசி வண்டியைத்தான் 2001-ல் பஜாஜ் நம் நாட்டில் விற்றது. அதன் வாரிசுதான் பிறகு வந்த அவெஞ்சர். ஜாகு புதிதாக வந்த நாளில் அண்ணன் கையில் காசில்லாமல் கடை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

இன்னொன்று ராயல் என்ஃபீல்டின் மீட்டியர் 350. சென்னையைத் தாய்வீடாகக் கொண்ட கம்பெனி. அங்கே அது வெளிநாட்டு வண்டி, விலை 20,000 வெள்ளியைத் தாண்டுகிறது. ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றே சொல்கிறார்கள்.

பணத்தைவிடப் பெரிய தடை உரிமம். நம் ஊரில் 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' என்று ஒரே வரி. அதை வைத்துக்கொண்டு 100 சிசியும் ஓட்டலாம், 650 சிசியும் ஓட்டலாம். மலேசியாவில் சாதாரண 'பி2' உரிமம் 250 சிசியோடு நின்றுவிடும். அதற்குமேல் ஓட்ட வேண்டுமானால் மறுபடி பயிற்சி, மறுபடி தேர்வு. சாலை வரியும் ஏறும்: ஜாகுவுக்கு ஆண்டுக்கு 30 வெள்ளி, மீட்டியருக்கு 100. "இந்த வயசில பையன்களோட வரிசையில நிக்கச் சொல்றியா?" என்றார் அண்ணன். ஜாகு என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மழை பெய்து ஓய்ந்த சாலை. சந்திலிருந்து சைக்கிளில் ஒரு சிறுவன் குறுக்கே வந்தான். அண்ணன் பிரேக்கை அழுத்தினார். பின்சக்கரம் உருளாமல் வழுக்கியது. வண்டி பக்கவாட்டில் இழுபட்டு நின்றபோது சிறுவனுக்கும் எங்களுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. அவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். அண்ணனுக்குக் கை நடுங்கியது.

பெரியம்மாவிடம் மறைத்துவிடலாம் என்றேன். அண்ணன் மறைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் நடந்ததைச் சொன்னார். பெரியம்மா கோபப்படவில்லை, அழவும் இல்லை. கொஞ்சநேரம் கழித்து என்னைத்தான் கேட்டார்: "ரெண்டுல எதுய்யா ஒழுங்கா நிக்கும்?"

பத்து நாளாக இருக்கை, சத்தம், விலை, வரி எல்லாம் பேசியிருந்தோம். இதை மட்டும் யாரும் கேட்கவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் ஜாகுவில் இல்லை, மீட்டியரில் இரண்டு சக்கரங்களுக்கும் உண்டு என்றேன். "அப்ப அதுக்கு என்ன படிக்கணுமோ படிச்சிட்டு வாங்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணன் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். தன் மகன் வயதுப் பையன்களுடன் வரிசையில் நின்றார். முதல் முறை தேறவில்லை, இரண்டாம் முறை தேறினார். முப்பது ஆண்டுகளாக மோட்டார் ஓட்டியும் நிறுத்தத் தெரியாமல்தான் இருந்திருக்கிறேன் என்று தொலைபேசியில் சொன்னார்.

வண்டி வந்த வாரம் பெரியம்மாவே பேசினார். மழை விட்டதும் வீட்டுக்கு முன்னால் ஓட்டி நிறுத்திக் காட்டச் சொன்னாராம். மூன்று முறை.

"நிக்குதுய்யா" என்றார். பிறகு, "இருந்தாலும் அவன் வீடு வர்ற வரைக்கும் நான் படுக்கிறதில்ல" என்றார்.