காயில் கட்டுபவர் வாங்கிய கணினி

16 மே 2025, வெள்ளி

பத்தாம் வகுப்பு முடிவு வந்த நாள். கெங்கவல்லியில் போர் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைக்காரர் அன்று மூன்று மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகள் கைபேசியை நீட்டி மதிப்பெண்ணைக் காட்டினாள். கையோடு அடுத்த பேச்சையும் எடுத்தாள்.

"அப்பா, ப்ளஸ் ஒன்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுக்கறேன். வீட்ல ஒரு சிஸ்டம் வேணும்ப்பா."

"எவ்வளவு ஆகும் பாப்பா?"

அவளுக்கும் தெரியவில்லை. வரவு செலவு எழுதும் நோட்டில் அன்றிரவு அவர் புதுப் பக்கம் ஒன்றைத் திருப்பி, ‘பாப்பா கம்ப்யூட்டர் 30,000’ என்று எழுதிக் கோடு போட்டார். ஆறு மாதத்துக்கு மேல் அந்தப் பக்கம் நீளப்போகிறது என்று அப்போது தெரியாது.

அரசு மடிக்கணினிக்குக் காத்திருக்கலாமே என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிள்ளைகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வந்த காட்சி ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. பிறகு அது நின்றுபோனது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் மறுபடி அறிவித்தது கல்லூரி மாணவர்களுக்கு. ப்ளஸ் ஒன் போகும் பெண்ணுக்கு அதில் இடம் இல்லை.

18 மே, ஞாயிறு

தெருவில் ப்ளஸ் டூ முடித்த பையனிடமிருந்து மகள் பாடப்புத்தகங்களை வாங்கி வந்தாள். எந்த ப்ராசஸர் என்று கேட்கும் முன் இதைச் செய்தது நல்ல காரியம். கணினி வாங்கப் போகிற பெற்றோர் பலர் கடைக்காரரிடம்தான் முதலில் போகிறார்கள், புத்தகத்தைத் திறப்பதில்லை.

பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் விண்டோஸ், உபுண்டு இரண்டும் இருக்கின்றன. நடுவில் சி++ நிரல்கள். கடைசி அத்தியாயம் தமிழ்க் கணினி. பன்னிரண்டில் பைத்தான், மைஎஸ்க்யூஎல், சிஎஸ்வி கோப்புகள். இவற்றில் ஒன்றுகூடக் கணினியின் மூச்சை வாங்கும் வேலை இல்லை. பத்து வரி பைத்தான் நிரல் எந்தப் பெட்டியிலும் ஓடும். மெமரியைத் தின்பது பிரவுசர்தான்: ஒரு பாடக் காணொளி, நாலைந்து பக்கங்கள், பக்கத்தில் ஒரு பிடிஎஃப் என்று திறந்து வைத்தால் 4 ஜிபி ராம் திணறும், 8 ஜிபி தாங்கும்.

21 மே, புதன்

சேலத்துக் கடை ஒன்றிலிருந்து வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் வந்தது. ஐ3 12100எஃப் ப்ராசஸர், எச்610 மதர்போர்டு, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், ‘எஸ்எம்பிஎஸ்ஸோடு கேபினெட்’, மானிட்டர். தொகை முப்பதாயிரத்துக்குள் அழகாக அடங்கியிருந்தது.

அந்த ‘எஃப்’ எழுத்தில்தான் சிக்கல். இன்டெல் ப்ராசஸர் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால், திரையில் படம் காட்டும் கிராஃபிக்ஸ் பகுதி அதற்குள் வேலை செய்யாது. அதனால்தான் விலை குறைவு. தனி கிராஃபிக்ஸ் கார்டு போடாவிட்டால் பெட்டி ஓடும், மின்விசிறி சுற்றும், மானிட்டர் மட்டும் கறுப்பாகவே நிற்கும். கொட்டேஷனில் கார்டு இல்லை. மகள்தான் இதைக் கண்டுபிடித்தாள். கடையில் கேட்டபோது தவறிவிட்டது என்றார்கள். ஏஎம்டி பக்கம் கணக்கு வேறு: அங்கே ‘ஜி’ என்று முடிகிற சிப்பில் கிராஃபிக்ஸ் உண்டு.

இரண்டாவது திருத்தம் ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் தட்டின் மேல் ஊசி அளவு தலை ஒன்று ஓடிப் படிக்கும் பொருள் அது. வினாடிக்கு நூற்றைம்பது எம்பி படித்தாலே பெரிது. சுற்றும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி, சாதாரண சாட்டா வகையிலேயே ஐந்நூறைத் தொடும். பள்ளிப்பிள்ளைக்கு 1 டிபி இடம் எதற்கு? 256 ஜிபி எஸ்எஸ்டி என்று அடித்து எழுதினார்கள்.

22 மே, வியாழன்

இன்றுதான் பட்டறைக்காரர் தனக்குத் தெரிந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்: கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்.

ஆத்தூர் கடையில் இரண்டைக் கேட்டு வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் 450 வாட்ஸ் என்று எழுதியிருந்தது. ஒன்று காலி டப்பா போல இருந்தது, மற்றது கனத்தது. மோட்டாரைத் தூக்கியதுமே உள்ளே செம்பா அலுமினியமா என்று ஊகிக்கிற கை அது. ஆனால் கனத்தை மட்டும் நம்பாமல் லேபிளைத் திருப்பினார். 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர்? இலேசான பெட்டியில் 16. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட்ஸ். ப்ராசஸர் தின்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட் வரிசையிலிருந்துதான்; மேலே அச்சடித்த 450-க்கு அங்கே பொருள் குறைவு. கனத்த பெட்டியில் 12 வோல்டுக்கு 33 ஆம்பியர், 80 பிளஸ் முத்திரை, உள்ளே வரும் மின்சாரம் 100 முதல் 240 வோல்ட் வரை என்ற குறிப்பு.

அந்தக் கடைசிக் குறிப்புதான் கெங்கவல்லிக்கு முக்கியம். சுவேத நதிக் கரையோரத் தோட்டங்களுக்கு மும்முனை மின்சாரம் விட்டதும் மோட்டார்கள் ஒன்றாகச் சுற்றத் தொடங்கும். அந்த நேரத்தில் வீட்டு பிளக்கில் மீட்டரை வைத்தார்: 178 வோல்ட். இருக்க வேண்டியது 230. லோ வோல்டேஜில் எரிந்து வருகிற மோட்டார்களை நம்பித்தான் அவர் பட்டறையே நடக்கிறது. கணினியை மட்டும் அது விட்டுவைக்கும் என்று எப்படி நம்புவார்?

சென்னையில் உட்கார்ந்து எழுதப்படும் வாங்கும் வழிகாட்டிகளில் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒரு வரி, ப்ராசஸருக்கு ஒரு பக்கம். குச்சிக்கிழங்கும் மஞ்சளும் பாய்ச்சுகிற ஊர்களுக்கு அந்த விகிதம் பொருந்தாது. இங்கே ப்ராசஸரில் மூவாயிரம் குறைத்து மின்சாரப் பக்கம் போடுவதே புத்தி.

25 மே, ஞாயிறு

மகளின் தோழி வீட்டில் செகண்ட்ஸ் செட் வாங்குகிறார்கள். ஏதோ அலுவலகம் கழித்த, நான்காம் தலைமுறை ஐ5, எஸ்எஸ்டி போட்டு, பத்தாயிரத்துச் சொச்சம். மகளுக்கு ஆசையாகிவிட்டது; மிச்சப் பணத்தில் பிரிண்டர் வாங்கலாம் என்றாள்.

தப்பான யோசனை இல்லை. பாடத்துக்கு அந்தப் பெட்டி போதும். ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 14-ஓடு நிறுத்துகிறது. விண்டோஸ் 11 கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெல்லும் டிபிஎம் 2.0-வும். அந்தப் பழைய செட்டில் லினக்ஸ் போட்டுக்கொண்டால் இந்தக் கவலை இல்லை. பட்டறைக்காரரைத் தடுத்தது வேறு. அப்படிப்பட்ட ஒல்லி அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் அந்தக் கம்பெனி அளவிலேயே இருக்கும். ஒன்று போனால் பொதுவான பாகம் உள்ளே உட்காராது. மாற்ற முடியாத பொருளை வாங்க அவர் மனம் ஒப்பவில்லை.

28 மே, புதன்

கணினி மேசை போடப்போகும் மூலையில் பிளக் இருந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே நூறு வாட்ஸ் டெஸ்ட் லேம்ப் போட்டுப் பார்த்தார். மினுக்கென்று எரிந்தது. எர்த் செத்துக் கிடக்கிறது.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று பல வீடுகளில் சொல்வார்கள். காரணம் எளியது. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் பெட்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும்; மின் இரைச்சலை எர்த்துக்குத் தள்ளுவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் 230-இல் பாதி, ஏறத்தாழ 115 வோல்ட், கேபினெட் மேல் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர்ரோடு போகும். வேறு கோளாறு சேர்ந்துகொண்டால் எர்த் இல்லாத வீட்டில் தப்ப வழியில்லை.

அன்று மாலையே வீட்டுப் பின்புறம் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். செலவு 1,350 ரூபாய். கணினிக்கான எந்த விலைப்பட்டியலிலும் இந்த வரி இருக்காது.

1 ஜூன், ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. பாகங்கள் எல்லாம் பாயில் பரப்பிக் கிடக்கின்றன. நோட்டுக் கணக்கு இது: ரைசன் 3 3200ஜி ப்ராசஸர் 5,300, பி450 போர்டு 5,000, 8 ஜிபி டிடிஆர்4 ராம் 1,600, எஸ்எஸ்டி 1,900, எஸ்எம்பிஎஸ் 2,600, கேபினெட் 1,700, 22 அங்குல மானிட்டர் 6,200, கீபோர்டும் மவுஸும் 800, 600 விஏ யுபிஎஸ் 3,300. எர்த்தோடு சேர்த்து 29,750.

3200ஜி 2019-இல் வந்த சிப். ஐ3 12100 அதைவிட நல்ல வேகம், இதை மறைப்பதற்கில்லை. ஆனால் விலை வித்தியாசத்தில் ஒரு யுபிஎஸ் வந்துவிட்டது. பிற்காலத்தில் தேவைப்பட்டால் அதே ஏஎம்4 சாக்கெட்டில் 5600ஜி போன்ற ஆறு கோர் சிப்பை மாற்றிப் போடலாம்.

சிப்பின் அடியில் 1,331 ஊசிகள். மூலையில் இருக்கும் தங்க முக்கோணத்தைப் போர்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் வைத்தால் தானே இறங்கும். மகள் வைத்தாள், அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். முன் பட்டனுக்கான மெல்லிய ஒயர்களைப் பொருத்தத்தான் அரை மணி நேரம் போனது.

"ராம் ஸ்லாட்ல ஒண்ணு சும்மா இருக்கேப்பா. ரெண்டு குச்சி போட்டா கிராஃபிக்ஸ் இன்னும் நல்லா ஓடுமாம்."

"கையில இருநூத்தம்பது ரூபாதான் மிச்சம் சாமி. பொங்கலுக்கு வாங்கிக்கலாம்."

உபுண்டு 24.04 ஏற்றினார்கள். சி++, பைத்தான் இரண்டும் அதிலேயே ஓடின. கீபோர்டில் 1999 சென்னை மாநாட்டில் உருவான தமிழ்99 அமைப்பைச் சேர்த்ததும் மகள் முதலில் அடித்தது ஊர் பெயர்.

14 அக்டோபர், செவ்வாய்

விண்டோஸ் 10 ஆதரவு முடிந்த நாள். தோழி வீட்டுச் செகண்ட்ஸ் பெட்டியிலும் உபுண்டு ஏற்றிக் கொடுத்தாள் மகள். நன்றாக ஓடுகிறது.

7 டிசம்பர், ஞாயிறு

பொங்கலுக்கு முன்பே விசாரித்துவிடலாம் என்று கடைக்குப் போன் போட்டார். அதே 8 ஜிபி குச்சி. மே மாத விலையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள். முதலில் அவர் நம்பவில்லை.

செய்யறிவுக்காக உலகெங்கும் எழும் தரவு மையங்கள் மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போகின்றன. சிப் செய்வதில் முன்னிற்கும் மூன்று கம்பெனிகளும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. அவற்றில் ஒன்றான மைக்ரான், வீட்டுக் கணினிகளுக்கு விற்றுவந்த க்ரூஷியல் ராமையே நிறுத்தப்போவதாக டிசம்பர் 3-ஆம் தேதி அறிவித்தது. டிடிஆர்4 வகையை எப்படியும் கம்பெனிகள் குறைத்து வந்தன. கலிஃபோர்னியாவில் எழும் கட்டடத்துக்கும் கெங்கவல்லி வீட்டு மேசைக்கும் ஒரே பொருளுக்குப் போட்டி என்றால், பணம் எந்தப் பக்கம் அதிகம் என்பது தெரிந்ததே. ப்ளஸ் ஒன் படிக்கும் பெண்ணுக்கு இது அநியாயம்.

மகள் பயோஸைத் திறந்து, ராமிலிருந்து கிராஃபிக்ஸ் எடுத்துக்கொண்டிருந்த 2 ஜிபியை 512 எம்பியாகக் குறைத்தாள். பிரவுசர் கொஞ்சம் மூச்சு விட்டது.

அவர் பட்டறையிலிருந்து, காயில் இறக்கும் முன் ஸ்லாட்டுக்குள் வைக்கும் லெதராய்டு பேப்பரில் ஒரு விரல் அகலம் வெட்டி எடுத்து வந்தார். கேபினெட்டைத் திறந்து, தூசு இறங்காதபடி காலி ராம் ஸ்லாட்டின் மேல் அதைச் செருகி மூடினார்.